நான்காவது அடையாளம்

ஜனவரி 2

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. இந்தக் கடிதத்தில் உள்ளவை:

1. உங்கள் சுகமும் என் சுகமும்.
2. நல்ல சபையை அறிந்துகொள்ள ஐந்து அடையாளங்கள்.
3. அந்த ஐந்தின் மேல் எனக்கே உள்ள சந்தேகங்கள்.
4. நான் இன்னும் அங்கே வராததற்குக் காரணம்.

முதலாவது. நான் சுகம். காது மட்டும் போன வருடத்தைவிட மோசம். நீ போனில் பேசியது பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுவது போலக் கேட்டது. அதனால்தான் எழுதச் சொன்னேன். மாப்பிள்ளைக்கு வலிப்பு வருவதால் கிரேன் ஓட்டக் கூடாது என்று துறைமுகத்தில் இறக்கிவிட்டதையும், வேறு ஊர்த் துறைமுகத்துக்கு மாற்றி, வாசல் கேட்டில் லாரிகளுக்கு டோக்கன் கொடுக்க வைத்திருப்பதையும் வாசித்து வருந்தினேன். டாக்டர் கொடுத்த மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கச் சொல்.

இரண்டாவது. புது ஊரில் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை, ஒரு சபையில் சேர வேண்டும், எதைப் பார்த்துச் சேர்வது என்று கேட்டிருந்தாய். நான் போதகன் அல்ல. வேலைக்காலம் முழுவதும் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குப்பிகளோடு இருந்தவன். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

ஒன்று: வேதத்தில் ஒரு வரியைப் பிய்த்து எடுத்துப் பேசுகிறார்களா, முன்னும் பின்னும் சேர்த்து வாசிக்கிறார்களா என்று பார். இரண்டு: ஒரு கேள்வி கேள், கேட்டதும் முகம் மாறுகிறதா என்று கவனி. மூன்று: பாஸ்டரைத் தட்டிக் கேட்க அந்தச் சபையில் யாராவது உண்டா என்று விசாரி. நான்கு: சில வாரம் போய்விட்டு, பிறகு மூன்று வாரம் போகாமல் இரு. தேடி வருகிறார்களா பார். காணாமற்போன ஓர் ஆட்டைத் தேடிப் போகாதவன் மேய்ப்பன் இல்லை. ஐந்து: தண்ணீரைச் சோதிக்க நாங்கள் மேல்நிலைத் தொட்டியில் மாதிரி எடுப்பதில்லை. தொட்டித் தண்ணீர் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். குழாய் எங்கே போய் முடிகிறதோ அந்தக் கடைசி வீட்டில் பிடிப்போம். சபையிலும் பிரசங்க மேடையைப் பார்க்காதே. கடைசி பெஞ்சில் இருப்பவரை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்.

மூன்றாவது. முதல் மூன்றும் எங்கெங்கோ படித்தவை. ஐந்தாவது என் தொழிலிலிருந்து வந்தது. நான்காவது எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் ஐந்தில் அதுதான் எனக்கு நிச்சயமாகப் படுகிறது.

நான்காவது. தாள் முடிந்துவிட்டது.

கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக.

அண்ணன்


பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி எழுதிக்கொள்வது. இருவரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போன வாரம் கேட்டில் டோக்கன் கொடுத்துக்கொண்டே விழுந்துவிட்டார். லாரிக்காரர்கள் தூக்கி ஓரமாகப் படுக்க வைத்தார்களாம். மறுநாள் ஒருத்தன், "என்னண்ணே, நேத்து லோடு கொஞ்சம் ஓவராயிடுச்சா?" என்று கேட்டிருக்கிறான். இவர் அதை வீட்டில் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு வெகுநேரம் குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

வேளை தவறாமல் விழுங்குகிறாரா என்றால், இல்லை. காலையில் விழுங்குவார். ராத்திரி மாத்திரை மறுநாள் தலையை மந்தமாக்குகிறது என்று தலையணைக்கடியில் வைத்துவிடுவார். சொன்னால், "எனக்குத் தெரியும், சும்மா இரு" என்பார். இப்போது அவர் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: மறுபடி ஒரு தடவை கிரேனில் ஏற வேண்டும்.

உன் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் சபை பார்க்கப் போனேன். வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள்கூட இத்தனை கேள்வியோடு போகமாட்டார்கள். இரண்டு இடம் பார்த்தோம். ஒன்று பஸ் நிற்கும் இடத்துக்கு அருகில் உள்ள செங்கல் கோயில். போதகருக்கு முழங்கால் வலி. படியேறும்போது எல்லாரும் சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். பிரசங்கம் உன் கடிதம் மாதிரியே இருக்கிறது. பக்கத்தில் இருந்த வயதான அம்மா தன் பாட்டுப் புத்தகத்தில் பாதியை என் பக்கம் நீட்டினார். எங்கள் பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று டயர் கடைக்கு மேலே மாடியில். ஏறும்போதே நாலு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். விலாசம், போன் எல்லாம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். கண்ணை மூடினால் பாட்டு நெஞ்சில் அடிக்கிறது.

இரண்டு இடத்துக்கும் சில வாரம் மாறி மாறிப் போய்விட்டு, இப்போது உன் நாலாவது சோதனையைத் தொடங்கியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் குளித்து உடுத்திக்கொண்டு கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள்.

நீ எந்தச் சபைக்குப் போகிறாய்? அண்ணி போனபிறகு தனியாகத்தானே போகிறாய்? அடக்கத்தன்று, "உன்கூடவே வந்துடறேன் பாப்பா" என்றாய். இந்த வீட்டிலும் ஜன்னலோரம் உனக்கு ஒரு கட்டில் போட்டிருக்கிறேன். இப்போதைக்கு அதில் துணி மடித்து வைக்கிறேன்.

தங்கச்சி


மார்ச் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் பதில் வரும்வரை பொறுக்க முடியவில்லை. நீ சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். சோதனை முடிந்துவிட்டது.

மாடிச் சபையிலிருந்து முதல் வாரமே வந்துவிட்டார்கள். வீட்டில் இருந்தது இரண்டு நாற்காலி, வந்தவர்கள் எட்டுப் பேர். பாஸ்டர் சின்ன வயதுக்காரர். அவர் தரையில் உட்கார்ந்து, இவரைத்தான் நாற்காலியில் உட்கார வைத்தார். இவர் தலைமேல் கை வைத்து ஜெபித்தபோது இவர் அழுதார், அண்ணா. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நான் பார்த்த முதல் அழுகை அது.

கூட வந்தவர்களில் ஒருவர் பூட்டுக்காரர். பூட்டு, சாவி, தாழ்ப்பாள் வேலை. ஜெபம் நடக்கும்போதே அவர் கண் எங்கள் கதவின் மேல்தான் இருந்தது. ஆமென் சொன்னதும், "கதவு இப்படி ஆடிச்சுன்னா ஆண்டவருக்கு முன்னாடி திருடன் வந்துடுவான்மா" என்று சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்து, தாழ்ப்பாளைச் சரிசெய்துவிட்டுத்தான் போனார். அவருக்குச் சர்க்கரை வியாதி. நான் வைத்த பிஸ்கட்டை அவர் எடுக்க, அவர் மனைவி பிடுங்கிக்கொண்டு, "காலைல ஊசி, சாயங்காலம் பிஸ்கட்டு. டாக்டருக்கே ரெண்டு மனசு வந்துடும்" என்றாள். நான் எத்தனையோ நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

அடுத்த வாரமும் வந்தார்கள். அதற்கடுத்த வாரமும். செங்கல் கோயிலிலிருந்து ஒரு காக்கைகூட வரவில்லை.

மாடியில் சேர்ந்துவிட்டோம்.

தங்கச்சி


மார்ச் 15

அன்புள்ள பாப்பாவுக்கு,

இரண்டு கடிதங்களும் கிடைத்தன. நான் சுகம். படிக்கட்டில் கொஞ்சம் மெதுவாக இறங்குகிறேன், அவ்வளவுதான்.

மாடிச் சபை நான்காவதில் தேறிவிட்டது. எனக்கு மிகுந்த நிம்மதி. தேடப்படுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது தேடப்படாதவனுக்குத்தான் தெரியும். ஆயினும் ஒரே சோதனையை வைத்துத் தண்ணீரைக் குடிக்கலாம் என்று எழுதிக் கொடுக்கக் கூடாது. ஆகவே மூன்று கேள்விகள்:

அ. அங்கே கேள்வி கேட்க முடிகிறதா?
ஆ. கடைசி பெஞ்சில் யார் இருக்கிறார்கள்?
இ. மாப்பிள்ளை இரண்டு வேளையும் மாத்திரை விழுங்குகிறாரா?

கட்டிலைப் பற்றி: உன் ஊருக்கு ரயில் இரண்டு இடத்தில் மாற வேண்டியிருக்கிறது. அறிவிப்பு என் காதில் விழாது. இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனால் என்ன செய்வேன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நாடுவதும் அதுவே. இங்கே ஒரு ஹோட்டல் லாண்டரியில் வேலைக்குப் போகிறேன், வேலை அதிகம். ஹோட்டலில் ஏதோ மாநாடு. படுக்கை விரிப்பை இஸ்திரி போட்டுப் போட்டு மணிக்கட்டு வீங்கிவிட்டது. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அ. கேள்வி கேட்க நேரம் இல்லை. பாட்டும் ஜெபமும் முடியவே மத்தியானம் ஆகிவிடுகிறது.

ஆ. பெஞ்சே கிடையாது, நாற்காலிதான். சுகம் பெற்றவர்களுக்கு முன்வரிசை. பெறாதவர்கள் பின்னால். விசுவாசம் வளர வளர முன்னே நகரலாம். இவர் இப்போது முன்வரிசையில் உட்காருகிறார். மேடையில் நின்று, தனக்குச் சுகம் கிடைத்ததென்று சாட்சியும் சொன்னார். முகத்தில் ஒரு களை வந்திருக்கிறது.

நீ போகும் சபை எது என்று முன்பே கேட்டேன்.

தங்கச்சி


ஏப்ரல் 22

அன்புள்ள பாப்பாவுக்கு,

சுகமாயிருக்கிறாயா? இதை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

'இ'-க்கு நீ பதில் எழுதவில்லை. எங்கள் கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. மாதிரித் தண்ணீரோடு வரும் தாளில் ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால், அந்தக் குப்பியைத்தான் முதலில் சோதனைக்கு எடுப்போம்.

பின்வரிசை விஷயமும் எனக்கு இடிக்கிறது. குழாயின் கடைசியில் இருப்பவர்களுக்கு 'நீங்கள் கடைசி' என்று எழுதி ஒட்டியது போல இருக்கிறது. ஆனால் நான் எதையும் அதிகமாக யோசிப்பவன் என்று உன் அண்ணி சொல்வாள். அப்படியும் இருக்கலாம். இருந்தாலும், 'இ'-க்கு எழுது.

அண்ணன்


மே 5

அண்ணா,

நீ சுகமாயிரு. எங்களைப் பற்றி உள்ளதை எழுதிவிடுகிறேன்.

சாட்சி சொன்ன அன்றைக்கே மாத்திரையைக் கொட்டிவிட்டார். பாஸ்டர் கொட்டு என்று சொல்லவில்லை. "பிரதர், ஒரு கைல ஊன்றுகோல், ஒரு கைல சிறகு. ரெண்டும் வச்சிக்கிட்டு எப்படிப் பறப்பீங்க?" என்றுதான் கேட்டார். இவர் பையிலிருந்து அட்டையை எடுத்து, ஒவ்வொன்றாக உடைத்து, கை கழுவும் தொட்டியில் போட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாமல் நிற்க முடியாது, அண்ணா, பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் மூன்று முறை வந்துவிட்டது. கடைசித் தடவை வாஷ்பேசினில் மோதி நெற்றி கிழிந்தது. வெளியே யாருக்கும் தெரியாது. கேட்டில் கேட்டதற்கு அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். காலில் விழுந்து கெஞ்சினேன். "இது சோதனை. நீ சந்தேகப்படுறதுனாலதான் வருது" என்கிறார். நிற்காமல் தொடர்ந்து வந்தால் உயிருக்கே ஆபத்து என்று பழைய டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். இவர் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தாடையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். தாடைதான் முதலில் இழுக்கும்.

ஒரு வாரம் போகாமல் இருந்து பார்த்தேன். பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

என்ன செய்ய? உடனே எழுது.

பாப்பா


மே 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

இன்று காலைதான் உன் கடிதம் வந்தது. சுகம் விசாரிக்க மனமில்லை. செய்யக்கூடியவை என்று எனக்குத் தோன்றியவை:

1. மாப்பிள்ளையிடம் பேசுவது. பேசிவிட்டாய்.
2. அந்தப் பாஸ்டரிடம் பேசுவது. உன்னைப் பின்வரிசைக்கு அனுப்புவார். மாப்பிள்ளை உன்னிடமிருந்து இன்னும் விலகுவார்.
3. நான் வந்து பேசுவது.

மூன்றாவதை எழுதி அடித்து, மறுபடி எழுதினேன். நான் போய் நின்றால் மாப்பிள்ளை மரியாதைக்காகத் தலையாட்டுவார். அதற்குமேல் என் பேச்சுக்குப் பலம் கிடையாது.

4. ஊருக்கே போகும் தண்ணீரில் குளோரின் கலக்கிறோம். குடிக்கிறவனைக் கேட்டா கலக்கிறோம்? கேட்டால் பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள். கேட்காமல் கலப்பதால்தான் குழந்தைகள் பிழைக்கின்றன. அவர் காப்பியில் சர்க்கரை கொஞ்சம் கூடப் போடு. இரண்டு வேளையும் தவறாமல், டாக்டர் எழுதிய அளவுதான், அதற்குமேல் ஒரு துளியும் வேண்டாம்.

இது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. உயிர் முதலில் இருக்கட்டும்.

அண்ணன்


ஜூலை 20

அண்ணா,

போன் செய்தேன். "யாரு? யாரு?" என்று நாலு தடவை கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். இதை வாசித்ததும் பதில் போடு. முடிந்தால் நீயே வந்துவிடு.

நீ சொன்னபடியே செய்தேன். இரண்டு வேளையும், ஒரு நாள் தவறாமல். அவராக விழுங்கிய காலத்தில்கூட இப்படி ஒழுங்காக உள்ளே போனதில்லை. மே மாதத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட வரவில்லை. ஒரு தடவைகூட, அண்ணா. நான் மகிழ்ச்சியாக இருந்தேன். அதை எழுத வெட்கமாக இருந்ததால் இத்தனை நாள் எழுதவில்லை.

இப்போது மாடியில் இவர்தான் பெரிய சாட்சி. மருந்தை விட்டார், வியாதி விட்டது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் நிற்க வைக்கிறார்கள். அடுத்த மாதம் கிரேன் ஏறிப் பார்க்கலாம் என்று அலுவலகத்திலும் சொல்லிவிட்டார்கள். ஆட்கள் நிற்கும் இடத்துக்கு மேலே பெட்டியைத் தூக்கப் போகிறார்.

பூட்டுக்காரர் ஊசியை நிறுத்திவிட்டார். இவர் சாட்சியைக் கேட்டுத்தான். ஒரு நாள் லாண்டரி வாசலில் என்னைப் பிடித்து, "உங்க வீட்டுக்காரர் பூட்டையே ஆண்டவர் திறந்துட்டாரு. என்னுது ரொம்பச் சின்னப் பூட்டும்மா" என்று சிரித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது அவர் காலில் ஒரு புண் கறுத்துப்போய், காய்ச்சலில் வீட்டிலேயே கிடக்கிறார். சுற்றி உட்கார்ந்து ஜெபிக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் விசுவாசம் போய்விடும் என்று அவரே வர மறுக்கிறார்.

நான் சொல்லிவிட்டால் அவர் ஊசி போட்டுக்கொள்வார். சொல்லிவிட்டால் இவர் மாத்திரையை நிறுத்திவிடுவார். நான் கொடுக்கும் தண்ணீரைக்கூடக் குடிக்கமாட்டார். ஒருவர் பிழைக்க ஒருவர் சாக வேண்டுமா? நீதான் கலக்கச் சொன்னாய். நீயே சொல், நான் வாயைத் திறக்கலாமா கூடாதா? உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன். அதுவரை ஒன்றும் செய்யமாட்டேன்.

பாப்பா


ஆகஸ்ட் 19

அன்புள்ள பாப்பாவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இது நான்காவது தாள். மற்ற மூன்றையும் கிழித்துவிட்டேன்.

சொல்ல வேண்டும் என்பதற்கான காரணங்கள்: 1. ஓர் உயிர். 2. கிரேனுக்குக் கீழே நிற்கப் போகும் உயிர்கள். 3. பொய்.

சொல்லக் கூடாது என்பதற்கான காரணங்கள்: 1. மாப்பிள்ளையின் உயிர். 2. அவருடைய மானம். 3. உன் வாழ்க்கை.

இரண்டு பக்கமும் மூன்று மூன்றாக வருகின்றன. எப்படி எழுதினாலும் சமமாகவே வருகிறது. பூட்டுக்காரரின் மனைவியிடம் மட்டும் தனியாகச் சொல்லலாமா என்றால், அது ஒரே நாளில் பரவிவிடும். பெயர் போடாமல் டாக்டருக்கு எழுதலாமா என்றும் யோசித்தேன். கொஞ்சம் பொறு. இன்னும் யோசித்து எழுதுகிறேன்.

ரயில் நேரங்களை எழுதி வைத்திருக்கிறேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இன்னும் வரவில்லை. இனி வந்தாலும் வராவிட்டாலும் பரவாயில்லை. சொல்லிவிட்டேன்.

போன வாரத்துக்கு முந்தின வாரம், ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் இவர் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுவதற்குள் நான் எழுந்துவிட்டேன். "இவருக்கு வலிப்பு வராததுக்குக் காரணம் மாத்திரை. நான்தான் ரெண்டு வேளையும் காப்பில கலந்து கொடுத்தேன். மருந்தை விட்டதுனால இவர் பிழைக்கல, விடாததுனால பிழைச்சார். யாராவது மருந்தை நிறுத்தியிருந்தா இன்னைக்கே எடுத்துக்குங்க" என்றேன். பாஸ்டர் கீபோர்டுக்காரரைப் பார்த்துத் தலையை அசைத்தார். உடனே பாட்டு தொடங்கிவிட்டது. ஆனால் பூட்டுக்காரர் மனைவி பின்வரிசையில் இருந்தாள். புருஷன் படுத்ததிலிருந்து அவளுக்குப் பின்வரிசைதான். பையைக்கூட எடுக்காமல் படியிறங்கி ஓடினாள்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். உயிர் இருக்கிறது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ரெண்டு வாரம் முன்னால் வந்திருந்தால் கால் தப்பியிருக்கும் என்றாராம் டாக்டர்.



அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தார்கள், பத்துப் பதினைந்து பேர். மறுநாளும். நான் சொன்னது பொய் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் இவர் என்னைவிட்டு வந்துவிட வேண்டுமாம். இவர் எழுந்து போய், பூட்டுக்காரர் சரிசெய்த அந்தத் தாழ்ப்பாளைப் போட்டார். எனக்காகப் போட்டார் என்று நினைத்துவிடாதே. யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை அவருக்கு. உன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். மூன்று நாள் நான் கொடுத்த எதையும் வாயில் வைக்கவில்லை. குழாயில் அவரே பிடித்துக் குடித்தார். மூன்றாம் நாள் ராத்திரி தாடை இழுத்தது.

விடிந்ததும் எங்கே போவது என்று தெரியாமல் செங்கல் கோயிலுக்குப் போனேன். கூட்டம் எதுவும் இல்லாத நாள். போதகர் முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், காப்பி, கைதட்டல், கால், எல்லாம். அவர் வேதத்தைத் திறக்கவில்லை. "மாத்திரை இப்ப கையில இருக்காம்மா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அவர் கண்ணு முன்னாடி அவர் கையில வைங்க. மறைச்சுக் கொடுக்காதீங்க. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்ல அவருக்கு வழி இருக்கணும்" என்றார். "நீங்க ஒரு தடவைகூட எங்களைத் தேடி வரலையே" என்று கேட்டுவிட்டேன். வாய் தவறி வந்தது. அவர், "வந்தேன்மா. விலாசம் வாங்கி வைக்காதது எங்க தப்பு. டோக்கன் கொடுக்கிறவர்னு ஒருத்தர் அடையாளம் சொல்ல, துறைமுக கேட்ல விசாரிச்சு, கொஞ்சம் தாமதமாத்தான் வந்தேன். வேற இடத்துல சேர்ந்துட்டோம், வராதீங்கன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னார். வராதீங்கன்னு சொன்ன வீட்டுக்கு எப்படி வரது?" என்றார். இவர் அதை என்னிடம் சொல்லவே இல்லை.

அன்றைக்கு மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். விரலால் புரட்டிப் பார்த்தார். பிறகு எடுத்து விழுங்கினார். இப்போது இரண்டு வேளையும் விழுங்குகிறார், பேச்சு மட்டும் இல்லை. நேற்றுத்தான் வாய் திறந்தார். "அந்த மூணு மாசம் நான் நல்லா இருந்தேன். தினமும் நன்றி சொன்னேன். அதெல்லாம் யாருக்குச் சொன்னேன்?" என்று கேட்டார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை செங்கல் கோயிலில் கடைசி பெஞ்சில் தனியாகப் போய் உட்கார்ந்தேன். அந்த அம்மா வந்து பாதிப் புத்தகத்தை நீட்டினார்.

செய்தி அலுவலகத்துக்கும் போய், கிரேன் இல்லை என்று ஆகிவிட்டது. அதற்கும் சேர்த்துத்தான் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

நீ எந்தச் சபைக்குப் போகிறாய், அண்ணா? மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். உனக்கும் ஒரு கட்டம் காலியாகவே இருக்கிறது.

பாப்பா


செப்டம்பர் 8

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீங்கள் இருவரும் உயிரோடு இருப்பதற்காக ஸ்தோத்திரம். இந்தக் கடிதத்துக்குப் பட்டியல் போடவில்லை.

டாக்டர் சொன்னதை எழுதிவிட்டு, அதற்குக் கீழே ஒன்றும் எழுதாமல் கொஞ்சம் இடம் விட்டிருந்தாய். அந்த இடத்தைத்தான் அதிகமாக வாசித்தேன். நான் தாள் தாளாகக் கிழித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் அந்தக் கால் போயிருக்கிறது. மூன்றும் மூன்றும் சமம் என்று எழுதினேனே, ஓர் ஆள் காய்ச்சலில் கிடக்கும்போது தராசு பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். குளோரினும் அப்படித்தான். ஊருக்குத் தெரிந்துதான் ஊர்த் தண்ணீரில் கலக்கிறோம். கலக்கிற அளவைக்கூட அலுவலக வாசலில் எழுதிப் போடுவோம். அதை மறந்துவிட்டு உனக்கு உபமானம் சொன்னேன்.

நீ மூன்று முறை கேட்டதற்குப் பதில்: எந்தச் சபைக்கும் போகவில்லை. உன் அண்ணியின் அடக்கத்துக்குப் பிறகு போகவே இல்லை. யாராவது தேடி வருகிறார்களா பார்ப்போம் என்று வீட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. தேறவில்லை என்று மனதுக்குள் எழுதி மூடிவிட்டேன். உனக்கு எழுதிய அடையாளங்களில் ஒன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதியது.

உன் கடிதம் வந்த வாரம் போனேன். கடைசி பெஞ்சில் இருந்தவர் ஒன்றும் கேட்காமல் நகர்ந்து இடம் கொடுத்தார். முடிந்ததும் ஆர்கன் வாசிக்கும் அம்மா வேகமாக வந்து, என் காதருகே சத்தமாக, "எப்ப வந்தீங்க? தங்கச்சி வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. "பாப்பாகூடப் போய் இருக்கப் போறேன்" என்று அடக்கத்தன்று உன்னிடம் மட்டுமா சொன்னேன்? அங்கே நின்ற எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். நான் ஊரைவிட்டே போய்விட்டதாக நினைத்திருக்கிறார்கள். பிரயாணத்துக்காக ஜெபித்தார்களாம். இன்றுவரை உன் வீட்டையும் சேர்த்து ஜெபத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். நான் இரண்டு தெரு தள்ளி, கதவுக்குப் பின்னால் அவர்களுக்குப் பரீட்சை வைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் காது கேட்காது, ரயில் மாறத் தெரியாது என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். வெளியாள் ஒருவரிடம் இதைச் சொல்வது இதுவே முதல் தடவை. அவர் ஓர் அட்டையில் நான் மாற வேண்டிய இரண்டு இடத்தையும் இறங்க வேண்டிய இடத்தையும் பெரிய எழுத்தில் எழுதி, மேலே துளையிட்டுக் கயிறும் கட்டிக் கொடுத்தார். கழுத்தில் மாட்டிக்கொண்டு வியாழக்கிழமை புறப்படுகிறேன். பார்க்கிறவர்கள் சிரிக்கட்டும்.

கட்டிலை மாப்பிள்ளையிடமிருந்து வாங்காதே. எனக்குத் தரை போதும். அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அதை அவரோடு சேர்ந்து கேட்க மட்டும் என்னால் முடியும். பூட்டுக்காரரையும் பார்க்க வேண்டும். அவர் என்னை உள்ளே விடுவாரா என்று தெரியாது. விடாவிட்டால் அந்தப் போதகர் மாதிரி திரும்பி வந்துவிடுகிறேன்.

மற்ற நான்கு அடையாளங்களும் நிற்குமா என்பதைச் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். நான்காவது தவறு, பாப்பா.

அண்ணன்